படகில் தூங்கிய குழந்தை

புதுச்சேரி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தீபலட்சுமிக்கு அப்பா சாமிக்கண்ணு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நம்ம ஊரில் பிரான்சுக்குப் போனவர்கள் தெருவுக்கு நாலு பேர். நர்ஸ் வேலைக்கு நீ டென்மார்க்கைப் பிடித்தாய். அந்தக் குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா? போனில் பேசினால் உன் அம்மா பிடுங்கி வைத்துவிடுகிறாள். அதனால்தான் பேனா பிடித்தேன்.

நீ கட்டிக்கொள்ள ஆசைப்படும் யோனாசைப் பற்றி எழுதியிருந்தாய். ஹிட்லர் சண்டையில் அந்த ஊர்க்காரர்கள் யூத ஜனங்களை மீன்பிடிப் படகில் ஒளித்து அக்கரை சுவீடனுக்குக் கடத்திவிட்ட கதையையும், அவன் தாத்தா அந்தப் படகில் போனதையும் எழுதியிருந்தாய். அந்தப் படகு என்னை விடமாட்டேன் என்கிறது, தாயி. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த வடிவேலுவிடம் சொன்னேன். ஆளு ஏறினா படகு தாழுமே, மீனுக்குப் போற படகு லேசாத்தானே மிதக்கணும், ஜெர்மன்காரனுக்குக் கண்ணு அவிஞ்சா போச்சுன்னு கேட்டான். ஐஸ் ஏத்தினாலும் தாழும்டான்னு பக்கத்தில் இருந்த அம்மாவாசை மல்லுக்கு நின்றான். எனக்கு ஜெர்மன்காரன் கொண்டுவந்த மோப்ப நாய் மேல்தான் சந்தேகம். மீன் வாடையில் அது என்னத்தைக் கண்டுபிடிக்கும்? கேட்டு எழுது.

இதில்தான் நான் ஒரு கூத்துப் பண்ணிவிட்டேன். நம்ம மீனவப் பஞ்சாயத்தில் வெற்றிலை பாக்கு வைத்து உன் கல்யாணத்தைச் சொன்னேன். பையன் எந்தக் கரை, கடல் தொழில் வீட்டுப் பிள்ளைதானான்னு தலைவர் நெடுமாறன் கேட்டார். அந்தப் படகே அவன் தாத்தாவோடதுன்னு மார்தட்டிவிட்டேன். படகுக் கதை என்றால் நமக்குப் படகு ஓட்டியவன்தானே கண்ணில் படுவான்! வேற நாடானாலும் நம்ம தொழில்காரன்தான்னு எல்லாரும் சரி சொல்லிவிட்டார்கள். உன் அம்மாகூட முணுமுணுப்பை நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி படித்தால், தாத்தா படகுக்காரர் இல்லை. வலைக்கு அடியில் மறைத்துக் கொண்டுபோன கைக்குழந்தை! அழாமலிருக்கத் தூக்க மருந்து கொடுத்த குழந்தை. பஞ்சாயத்து பேச்சை மாற்றினால் உன் கல்யாணம் என்ன ஆவது?

மறைக்க மனசு வரவில்லை. நேற்று உன் அம்மா பார்வதியிடம் சொல்லிவிட்டேன். மீன் அலசிக்கொண்டிருந்தவள், ஊரு முன்னால மானத்த வாங்கிட்டியே, கல்யாணமும் கிடையாது ஒண்ணும் கிடையாதுன்னு கத்தினாள். அப்புறம் சட்டியைக் கழுவி வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே, அந்தப் புள்ள அக்கரையில கண்ணு முழிச்சுதான்னு கேட்டாள். முழிக்காமலா பேரன் எடுத்தாருன்னு சொன்னேன். சிரிக்கவில்லை. முழிச்சதும் யாரு பால் குடுத்தது, அவங்க அம்மாவும் படகுல ஏறினாளான்னு கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, நீ அதை எழுதவில்லை.

நாளைக்குப் பஞ்சாயத்தில் உண்மையைச் சொல்லப் போகிறேன். உன் அம்மாவோ என்னிடம், நீ வாய மூடிக்கிட்டு நில்லு, நான் சொல்றேன், படகுல ஏத்துன புள்ளைய நடுக்கடல்ல எறக்கி விடறதான்னு கேக்கறேன், எவன் பதில் சொல்றான் பாக்கலாம்னு முந்தானையைச் செருகிக்கொண்டு நிற்கிறாள்.

அவள் கேட்டதற்குக் கடிதத்தில் பதில் வேண்டாமாம். அந்தத் தாத்தாவையே கூட்டிவந்து, அவள் எதிரில் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லணுமாம். அவர் வஞ்சிரம் சாப்பிடுவாரா, காரம் எவ்வளவு தாங்குவார் என்பதை மட்டும் உடனே எழுதிப் போடு.

கடலம்மா உங்கள் எல்லாரையும் பத்திரமாக நம்ம கரை சேர்க்கட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அப்பா சாமிக்கண்ணு