பூட்டி வைத்த தொப்பிகள்

என் வீட்டு மகாராணிக்கு,

உன் முதுகுவலி தேவலையா? என் காதில் ஆறாமல் இருந்த புண்ணை வெட்டி எடுத்துவிட்டார்கள். தோல் புற்றுநோயாம். பயப்படாதே, ஆரம்பம்தான். கூரை வேலையில் பத்து வருஷம் தின்ற வெயில் என்றார் டாக்டர்.

அழுக்காகிவிடும் என்று தொப்பிகளைப் பூட்டி வைத்து, அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் தருவாரே சூப்பர்வைசர்? இந்த முறை யாரும் வாங்கவில்லை. வெறுந்தலையோடு நின்றோம். நான் அதிகாரிகளிடம் காதில் போட்டிருந்த கட்டைக் காட்டினேன். ஏசி அறையிலிருந்த சூப்பர்வைசரைக் கூரைக்கே ஏற்றிவிட்டார்கள். தொப்பி அலமாரிச் சாவி இப்போது என்னிடம்.

நேற்று உச்சி வெயிலில், என்னை டேய் என்று கூப்பிட்ட அதே வாய், "அண்ணே, மண்டை பொளக்குது, ஒரு தொப்பி குடுங்கண்ணே" என்றது.

"அதிகாரி வர்ற அன்னைக்குத் தர்றேன் சார்."

காதில் சுற்ற உன் பழைய சேலை ஒன்று அனுப்பு. துவைக்காமல் அனுப்பு.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது. இன்றைக்கும் நல்ல வெயில்.

உன்னவன்