சரசு கொடுத்த சேவல்

12 நவம்பர் 2006, ஞாயிறு

என் பனியன் யூனிட்டில் செக்கிங் பார்க்கும் சரசு, மகளின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு இந்த வாரம் மூன்று முறை இரண்டாயிரம் கேட்டாள். மூன்று முறையும் கையில் இல்லை என்றேன்.

இன்று சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வந்தவற்றை ஏலம் விட்டார்கள். எல்லோரும் பார்க்க, ஒரு சேவலை ஐயாயிரத்துக்கு எடுத்தேன். போதகர் மைக்கில் என் பெயரைச் சொல்லி ஜெபித்தார்.

வாசலில் சரசு நின்றிருந்தாள்.

"எங்க ஊட்டுச் சேவல்தானுங்ண்ணா. பாப்பாவுக்கு நல்லாகோணும்னு குடுத்தனுங்க" என்றாள். இந்த முறை பணம் கேட்கவில்லை.

சேவல் சமையலறையில் கூடைக்குள் கிடக்கிறது. பைபிளில் சேவல் கூவுமுன் ஒரு சீடன் தன் குருவை மூன்று முறை மறுதலித்தான். விடிந்தால் இதுவும் கூவும். அதற்கு முன்னே நான் அவள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பணம் பீரோவில்தான் இருக்கிறது. நான் இன்னும் எழுதிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.