ஆபீஸுக்கு வைத்திருந்த விரால்

ராஜகீழ்ப்பாக்கம்,
20 ஜூன் 1976

கர்த்தருக்குள் அன்பான அண்ணன் வேதசிரோமணிக்கும் மதினி ஞானசௌந்தரிக்கும் தங்கை ரத்தினபாய் எழுதிக்கொள்வது. நானும் மகள் கிருபாவும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். நாக்பூரில் மழை இறங்கிவிட்டதா? இங்கே வானம் கறுக்கிறது, இடிக்கிறது, பிறகு தாம்பரத்தைத் தாண்டி எங்கேயோ போய்விடுகிறது. கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்பில் இந்த வருஷம் எனக்கு வாய்த்த பிள்ளைகள் எல்லாம் வாலில்லாக் குரங்குகள்.

அண்ணா, உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. அசரியாவுக்குப் பரங்கிமலைக் கிளைக்கு மாற்றல் வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் அண்ணன் பிள்ளை நம் பக்கத்தில் வருகிறான். ஆனால் அடுத்த பாராவில் தலையில் கல்லைப் போட்டீர்கள். நிச்சயதார்த்தம் வேண்டுமானால் கிருபா கல்பாக்கம் வேலைக்கு முதலில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டும் என்கிறீர்கள். அணு வேலை செய்கிற பெண்ணுக்குக் குழந்தை குட்டி தங்காது என்று மதினிக்குப் பயம். அதோடு நீங்கள் இங்கே வந்திருந்தபோது அந்தத் திங்கட்கிழமை சபை ஐயர் முன்னால் நடந்த மானக்கேடு வேறு. இரண்டுக்கும் பதில் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், மதினி ஒரு தம்ளர் மோரோடு உட்காரட்டும்.

முதலில் மீன் விஷயம். நீங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மதினி இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டு, ரத்தினத்தின் கைப்பக்குவம் யாருக்கு வரும் என்று மெச்சினார்களே, அந்த விரால் குழம்பு. அது அரசாங்கத்து மீன். சமைத்தது நான்.

பதறாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். வெயில் காலத்தில் மேடவாக்கம் ஏரி வற்றினால் ஒருநாள் குறித்து ஊரே உள்ளே இறங்கி மீன் பிடிக்கும். நீங்கள் வருவதற்கு முந்தின நாள் அது நடந்தது. கிருபா அங்கே கரையில் நின்று, தன் கண்ணெதிரே பிடித்த விராலில் நாலைந்தை வாங்கி, ஏரித் தண்ணீரையே அண்டாவில் மொண்டு, உயிரோடு கொண்டுவந்து கொல்லையில் வைத்தாள். விரால் கெட்டி உயிர், இரண்டு மூன்று நாள் தாங்கும். செவ்வாய்க்கிழமை ஆபீஸ் பஸ்ஸில் கொண்டுபோவதாக இருந்தாள். ஆபீஸ் மீன் அம்மா, தொடாதே என்று சொல்லியும் வைத்தாள்.

நான் கேட்டேனா? மறுநாள் காலையில் அவள் ஞாயிறு பள்ளிக்குப் போய்விட்டாள். நீங்கள் வருகிற நேரம் நெருங்குகிறது. மீன்காரி தனத்தை இன்னும் காணோம். நாக்பூரிலிருந்து வருகிற அண்ணன் வாயில் கத்தரிக்காய் சாம்பாரையா ஊற்றுவது? அண்டாவைத் திறந்தேன். ஒவ்வொன்றும் முழங்கை நீளம். ஆபீஸுக்கு வேறு வாங்கிப் போட்டால் போயிற்று, மீனுக்கென்ன பஞ்சமா என்று நினைத்து அரிவாள்மனையை எடுத்துவிட்டேன். குழம்பு இறக்கிய பிறகு தனம் வந்தாள். அவளிடம் இன்னும் பெரிதாகப் பார்த்து விரால் வாங்கி அண்டாவில் விட்டேன். கொடுத்ததைவிடக் கூடுதலாகத் திருப்பிவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை!

சாயங்காலம் நீங்கள் எல்லாரும் ஏரிக்கரைப் பக்கம் உலாவப் போயிருந்தபோது கிருபா அண்டாவைப் பார்த்தாள். இது என் மீன் இல்லையே அம்மா என்றாள். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று. ஒரு சுடுசொல் சொல்லவில்லை அண்ணா, சொல்லியிருந்தால் எனக்குத் தேவலை. நேரே தனம் வீட்டுக்கு நடந்துபோய், அந்த மீன் எந்த ஏரியுடையது என்று கேட்டிருக்கிறாள். தனம், எனக்கு இன்னா தெரியும் கண்ணு, சைதாப்பேட்டைல ஏலத்துல எட்தாந்தேன், அது எந்த ஏரியோ எந்தக் குட்டையோ, மீனு மீனுதானே, இதுக்கா மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற என்று கேட்டாளாம். நானும் அதையேதான் சொன்னேன். இந்த மீனையே கொண்டுபோய்க் கொடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். எனக்குத் தெரியுமே அம்மா என்றாள். 

அவள் வேலை என்ன என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து கேட்டேன். கல்பாக்கம் அணுமின் நிலையம் இன்னும் ஓடவே தொடங்கவில்லை. ஓடுவதற்கு முன்னால் சுற்றுப்பக்கத்து ஊர்களின் தண்ணீர், பால், கீரை, மீன், மண் எல்லாம் இன்றைக்கு எப்படி இருக்கின்றன என்று அளந்து வைக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்கத் தொலைவில் உள்ள ஊர்களிலும் எடுக்கிறார்கள், அதற்குத்தான் நம் மேடவாக்கம். எந்தெந்த தேசத்திலோ வெடித்துப் பார்த்த குண்டுகளின் தூசி காற்றோடு சுற்றி, மழையோடு எல்லா ஊரிலும் துளித்துளியாக இறங்கியிருக்கிறதாம். நாளைக்கு ஒரு மீனில் ஏதாவது கூடுதலாக இருந்தால், அது நிலையத்தால் வந்ததா, முன்னமே இருந்ததா என்று எப்படிச் சொல்வது? இன்றைக்கு அளந்தால்தான் உண்டு. ஓடத் தொடங்கிய பிறகு இந்த நாள் திரும்பி வராது அம்மா என்றாள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நாம் வாயால் சொல்கிறோம். இவள் ஏரியிலிருந்து எடுப்பதையும் அளக்கிறாள்.

திங்கட்கிழமை ஐயர் பத்து மணிக்கு வருவார், சம்பந்தம் பேசி ஜெபம் பண்ணுவதாக ஏற்பாடு. ஏரியில் ஒரு மூலையில் மட்டும் சேறும் கொஞ்சம் தண்ணீரும் மிச்சம், அடுத்த நாள் வெயிலுக்கு அதுவும் இருக்காது. விடிந்ததும் போய் அதே ஏரி மீனாகப் பிடித்துக்கொண்டு எட்டு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். நானும் போ என்றுதான் சொன்னேன், என் கை செய்த வேலை அல்லவா? தனமும் கூடப் போனாள். வாயால் வைதாலும் மனசு பொறுக்கவில்லை அவளுக்கு. இரண்டு பேரும் சேற்றில் இறங்கித் துழாவியிருக்கிறார்கள். சேற்றுக்குள் பதுங்கிய விரால் லேசில் கையில் அகப்படுமா? அகப்பட்டபோது மணி பத்தைத் தாண்டிவிட்டது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஐயர் ஆறிப்போன காப்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார், பெண் தொடைவரை சேறோடு, கையில் குடத்தோடு, வாசலில் வந்து நிற்கிறாள். மதினி உச்சுக்கொட்டினார்கள். படித்த பெண்ணா, நண்டு பிடிக்கிறவளா என்று கேட்டார்கள். எனக்கு அங்கேயே பூமி பிளக்காதா என்றிருந்தது. ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன், நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ. அசரியா எழுந்து கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் இறைத்துவந்து அவள் காலுக்கு ஊற்றினான். ஊற்றிக்கொண்டே, குடத்தில் எத்தனை என்று கேட்டான். ரெண்டு என்று இவள் சொன்னாள். ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

இனி மதினியின் பயம். அதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனசில்லை. நானும் பெற்றவள், எனக்கும் அந்தப் பயம் வயிற்றுக்குள் இருந்ததுதான். ஆகவே போன வாரம் லீவு போட்டு, என் மீன் குற்றத்துக்கு நேரில் மன்னிப்புக் கேட்கிற சாக்கில் ஆபீஸ் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நிலையம் கட்டுகிற இடத்துக்குள் என்னை விடவில்லை. இவள் வேலை செய்கிற லாப் அதற்கு வெளியே, குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அணு அணு என்று பயந்துகொண்டு உள்ளே போனால், அம்மாடி, ஒரே சமையற்கட்டு! ஒரு பக்கம் முருங்கைக்கீரையை ஆய்ந்து காயவைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பால் சுண்டுகிறது. கசாப்புக்கடையில் ஆட்டுக் கழுத்துச் சதையைக்கூடக் கேட்டு வாங்கி வருகிறார்கள். எல்லாவற்றையும் அடுப்பில் எரித்துச் சாம்பலாக்குகிறார்கள். ஒரு கூடைக் கீரை ஒரு பிடி சாம்பல். அதைக் கனத்த ஈயப் பெட்டிக்குள் வைத்து மூடி, அதில் அந்தக் குண்டுத் தூசி எவ்வளவு என்று நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருக்கிறது ஒரு இயந்திரம். கிருபா கையாள்கிற மீனில், மதினி உங்கள் தட்டில் விழுந்த மீனில் என்ன இருந்ததோ அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அந்த மீன் தின்று நீங்களும் நானும் நன்றாகத்தானே இருக்கிறோம்? என் சந்தேகம் தீர அங்கே இருந்த பெரிய அதிகாரியிடமும் நேராகக் கேட்டேன், குழந்தை பிறப்பதைப் பற்றிக்கூட விடாமல் கேட்டேன். கிருபா வெட்கத்தில் வெளியே ஓடிவிட்டாள். அவர் பொறுமையாக, இந்தக் கீரையையும் பாலையும் தொடுவதால் ஒன்றும் வராது அம்மா, என் மனைவியும் இதே லாபில்தான் இருக்கிறாள், எங்களுக்கு இரண்டு பையன்கள் என்றார்.

சாயங்காலம் என்னைப் பக்கத்து மீனவர் குப்பத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே நான் பார்த்ததைத்தான் உங்களிடம் சொல்லவேண்டும். வீடுவீடாகப் போய், என்ன சமைக்கிறீர்கள், பிள்ளைக்கு எவ்வளவு மீன் வைக்கிறீர்கள், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று விசாரிக்கிறாள். அருள்மேரி என்று ஒரு பெண், வலையை உதறிப் போட்டுவிட்டு எழுந்து வந்து, எங்க மீனுக்கு இன்னா கொறையின்னு எழுதிகினு போற, நாளைக்கு எவனும் வாங்கமாட்டேன்னா எங்க வூட்டு அடுப்பு எரியுமா என்று சண்டைக்கு நின்றாள்.  கிருபா அவள் பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தாள். அக்கா, உங்க மீன் இன்னைக்கு நல்லா இருக்குன்னு இப்பவே எழுதி வைக்கத்தான் வந்திருக்கேன், நாளைக்கு யாராவது உங்க மீனைக் குறை சொன்னா இதைக் காட்டி வாயடைக்கலாம், அதே மாதிரி எங்க நிலையத்தால குறை வந்தாலும் இதைக் காட்டி எங்களையே சட்டையைப் பிடிக்கலாம் என்றாள்.  அருள்மேரி உள்ளே போய் இரண்டு கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தாள்.

அண்ணா, சம்பளம் கொடுக்கிறவனையே சட்டையைப் பிடிக்க வழி சொல்லிக் கொடுக்கிறாள்! இந்தத் தைரியம் யார் வயிற்றில் பிறந்தவளுக்கு வந்தது என்று நான் வாயைப் பிளந்து நின்றேன். அவள் அப்பா லாசரஸ் இருந்து பார்த்திருக்க வேண்டும். மனசு நிறைந்துபோய், பஸ்ஸில் திரும்பும்போது அவள் தோளில் சாய்ந்து அழுதுவிட்டேன். ஏன் அம்மா என்றாள். கண்ணில் தூசி என்றேன். அதையும் அளந்து வைக்கட்டுமா என்று கேலி பண்ணினாள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதை அவளிடம் மறைக்கவில்லை, படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு வெகுநேரம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அசரியா மேல் அவளுக்கு ஆசை இருக்கிறது, பெற்றவளுக்குத் தெரியாதா? பிறகு வந்து, மாமா பேச்சைத் தட்டி உனக்கு மனவருத்தம் வரக்கூடாது அம்மா, நீ ஒரு வார்த்தை சொல்லு, எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

அன்றிலிருந்து அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இருபத்தேழு வயது. சொந்தத்தில் தங்கமான பிள்ளை. இதை விட்டால் வேறு எங்கே போய்த் தேடுவேன் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தைதான், சொல்லிவிட்டால் ஆவணியில் கல்யாணச் சமையல். ஆனாலும் அண்ணா, என்னால் சொல்ல முடியவில்லை. சொல்லவும் மாட்டேன். அவள் வேலையை விடமாட்டாள். இது அவள் பதில் இல்லை, என் பதில். கோபப்படுவதானால் என்மேல் படுங்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், மதினி இருக்கிறார்கள், அசரியாவின் பேச்சு ஒரு வரி இல்லை. அவனிடம் இதை முழுக்கப் படிக்கக் கொடுங்கள். சரி என்றால் அவன் வந்து, வேலைக்குப் போகிற கிருபாவைக் கட்டிக்கொள்ளட்டும். மாட்டேன் என்றால் அதையும் அவனே எழுதட்டும், நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன்.

உங்கள் எல்லாரையும் கர்த்தர் கண்மணிபோல் காக்கட்டும். மதினி முழங்கால் வலிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், சுடவைத்துத் தேய்க்கவும்.

அண்ணா, தகப்பன் இல்லாத பெண். சம்பந்தி ஆகாமல் போனாலும் போகட்டும், அவளுக்கு மாமன் இல்லாமல் பண்ணிவிடாதீர்கள்.

உங்கள் பிரிய தங்கை,
ரத்தினபாய் லாசரஸ்