முதல் மீனின் வயிறு

அண்ணா,

நீங்கள் போனபிறகு முதல்முறையாக அண்ணி நேற்று ஆர்.எஸ்.புரத்திலிருந்து வந்தார். உங்கள் தூண்டில் பெட்டியை என் கையில் கொடுத்து, "உங்களுக்குத்தான்னு எடுத்து வெச்சிருந்தாருங்க," என்றார். திறந்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. இறகுகளைப் பூச்சி அரிக்கக் கூடாதென்று நீங்கள் போட்டது. மீனை ஏய்க்க இறகில் செய்த பொம்மைப் பூச்சிகளின்மேல் எத்தனை அக்கறை உங்களுக்கு! உயிருள்ளவற்றின்மேல் அதில் பாதியாவது இருந்திருக்கலாம்.

ஞாயிறுதோறும் விடியும் முன் கிளம்பி, காரமடையில் காபி குடித்து, ஊட்டி மலையில் அப்பா நம் இருவருக்கும் விட்டுப்போன நிலத்துக்குப் போவோம். நிலத்தின் அடிவாரத்தில் டிரவுட் மீன் ஓடும் ஓடை. இறங்கியதும் தூண்டிலைத் தொடமாட்டோம். முழங்கால் தண்ணீரில் நின்று கற்களைப் புரட்டுவோம். மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்ட காடிஸ் புழு இருக்கும். வாலில் மூன்று இழையோடு மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சுகள் நெளியும். அவை சிறகு முளைத்து மேலே வந்தால் நம் மஞ்சள் பூச்சி. "திங்கறதுக்கு வாயே இல்ல அம்மணி, பறக்கறதுக்கு மட்டும் பொறந்தது," என்பீர்கள்.

முதல் மீனின் வயிற்றைக் கீறி, அது என்ன தின்றிருக்கிறதோ அதே மாதிரிப் பொம்மைப் பூச்சியைத் தூண்டிலில் கட்டுவது நம் வழக்கம். "பொய் சொல்லாதது மீன் வயிறு ஒண்ணுதான்," என்று சிரிப்பீர்கள்.

பிறகு ஓடைக்கு மேலிருந்த சரிவைக் கேரட் போடக் குத்தகைக்குக் கொடுத்தீர்கள். தண்ணீர்ப் பக்கம் பூச்சிமருந்து அடிக்கமாட்டார்கள் என்று எனக்குச் சத்தியம் செய்தீர்கள். அடுத்த மழைக்காலம் முழுக்க ஏதேதோ சாக்குச் சொல்லி என்னைக் கூட்டிப் போகவில்லை. கடைசியில் ஒரு ஞாயிறு நீங்களே கூப்பிட்டீர்கள். நான் கல்லைப் புரட்டக் குனிந்தேன். "தண்ணி கலங்கும் கண்ணு, மொதல்ல வீசு," என்றீர்கள். வீசியதும் மாட்டியது. அடுத்ததும் மாட்டியது. நமக்கு ஒருநாளும் அப்படிச் சுலபமாக வாய்த்ததில்லை.

கரையில் உட்கார்ந்து வயிற்றைக் கீறினேன். ஒரு சிறகு இல்லை, ஒரு கால் இல்லை. மீன்பண்ணையில் போடும் தீவனம், பழுப்பாக ஊறிக் கிடந்தது. முந்தின நாளே பண்ணை மீனை வாங்கி ஓடையில் விடச் சொல்லியிருக்கிறீர்கள். எழுந்துபோய்க் கற்களைப் புரட்டினேன். மருந்து இறங்கி ஒரு புழுகூட மிஞ்சவில்லை, பாசி மட்டும் இருந்தது.

"ஏனுங்ணா இது?"

"உனக்கு மீனுதான வேணும் அம்மணி? கெடச்சுதல்ல."

திரும்பும் வழியில் பெரியநாயக்கன்பாளையம் வந்தபோது ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். பிறகு ரேடியோவைத் திருப்பிவிட்டீர்கள். பூச்சிகள் செத்ததைவிட, அதை என்னிடம் மறைக்க நீங்கள் அத்தனை பாடுபட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தச் சிரமத்தில் கொஞ்சம் எடுத்துக் கேரட்காரரிடம் ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லியிருக்கலாம். என்றாவது உங்களோடு உட்கார்ந்து சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்வேன் என்றிருந்தேன். நெஞ்சுவலி என்று படுத்தவர் அதற்கும் இடம் கொடுக்காமல் போய்விட்டீர்கள்.

பெட்டியின் மூலையில் ஒரு மஞ்சள் பூச்சி இருக்கிறது. சேவலின் கழுத்து இறகு சிறகாகவும், என் கல்யாணப் பட்டிலிருந்து நீங்கள் கெஞ்சி உருவிய நூல் உடம்பாகவும். போன வாரம்கூட மலைக்குப் போய்க் கல் கல்லாகப் புரட்டிவிட்டு வந்தேன். எதுவும் திரும்பி வரவில்லை. இந்தப் பூச்சியைத் தூக்கி எறியவும் கை வரவில்லை, உங்களை மன்னிக்கவும் மனம் வரவில்லை. நேற்றிலிருந்து கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

நம் ஓடையின் மஞ்சள் பூச்சியில் மிச்சம் இது ஒன்றுதான், அண்ணா. இதையும் நீங்கள்தான் செய்தீர்கள்.