படகு அனுமதியும் உன் வேலையும்

அன்பு மகளுக்கு,

அப்பாவும் அம்மாவும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம். சில நாட்களாக நீ கூப்பிட்டும் நான் போனை எடுக்கவில்லை. குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

தேசியப் பூங்கா ஏரியில் பார்வையாளர்களுக்குப் படகு விடும் நம் அனுமதியை இந்த ஆண்டு புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். படகுகளில் குறை இல்லை. மிதவை அங்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்கள். காப்பீடும் சரி. முதலுதவித் தேர்விலும் தேறிவிட்டேன். ரப்பர் பொம்மையின் மார்பை நான் அழுத்திய வேகத்தைப் பார்த்து, பொம்மை பிழைத்துக்கொண்டது, விட்டுவிடுங்கள் என்றார் பயிற்சியாளர்.

கெடுத்தது என் வாய்தான். பூங்கா அதிகாரி கையெழுத்துப் போடப் போகிற நேரம். நான் சும்மா இருந்திருக்கலாம். என் மகளும் உங்கள் துறைதான், தலைமை அலுவலகத்தில் தபால் பிரிவில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கிறாள் என்றேன். சலுகைக்காகச் சொல்லவில்லை. டீக்கடையில் முன்பின் தெரியாதவரிடமும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அதிகாரி பேனாவை மூடிவிட்டார். துறையில் வேலை செய்பவரின் குடும்பத்தார் பூங்காவுக்குள் தொழில் நடத்தக் கூடாதாம். “பெரியவரே, இதை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே” என்று அவரே வருத்தப்பட்டார். உனக்கும் இந்த விதி தெரிந்திருக்காது.

மேல்முறையீடு செய்யலாம். அதைத் தலைமை அலுவலகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே உறையைப் பிரித்து முத்திரை குத்துகிறவள் நீ. எப்படி அனுப்புவேன்?

அம்மா முதலில், “வாயை மூடிக்கிட்டு வரத் தெரியாதா” என்று திட்டினாள். இப்போது திட்டுவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

மாதக் கடைசிக்குள் இரண்டு படகையும் வெளியே எடுத்துவிட வேண்டும். சுற்றுவட்டாரத்தில் வேறு ஏரி ஏது? ஓர் ஓட்டல்காரர் நல்ல விலைக்குக் கேட்கிறார். வாசலில் வைத்து, மண் கொட்டிப் பூச்செடி வளர்க்கவாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது?

ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. மகள் அந்த வேலையில் இல்லையென்றால் அதே மனுவை மறுபடி கொடுக்கலாம் என்று பூங்கா அலுவலக எழுத்தர் சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். ஒரு கணம் எனக்கும் அந்த ஆசை வந்தது, கண்ணு. வெட்கமாக இருக்கிறது.

இதைப் படித்ததும் நீ என்ன செய்யத் துடிப்பாய் என்று தெரியும். கையெடுத்துக் கேட்கிறேன், ராஜினாமா எழுதாதே. எத்தனை பரீட்சை எழுதி, எத்தனை முறை அழுது வாங்கிய வேலை. அதில் நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும்.

மாதக் கடைசியில் மட்டும் இங்கே வராதே. படகுகளை லாரியில் ஏற்றும்போது நீ பக்கத்தில் நின்றால், நான் வாய்விட்டுக் கேட்டுவிடுவேன்.

உன் நன்மையை மட்டுமே நினைக்க முயலும்,
அப்பா