கம்பெனி மூக்கு

பிப்ரவரி 9, திங்கள்

நல்ல பனி. படப்பையிலிருந்து ஒரகடம் வருவதற்குள் சட்டை நனைந்துவிட்டது. ஏழே முக்காலுக்கு கேட்டில்.

புது டைரி, கம்பெனி கொடுத்தது. அட்டையில் ஒரு பச்சை இலை. கீழே ‘தூய்மையே எங்கள் மூச்சு’. இலையாம், மூச்சாம்! பத்தடி தள்ளி குழியில் பெயின்ட் சேறு கறுப்பாக நுரைத்துக்கொண்டு கிடக்கிறது.

இன்று வந்தவை: தின்னர் கழிவு, ஒரு டேங்கர். பெயின்ட் சேறு, இரண்டு லாரி. ஆயில் துணி மூட்டைகள். லேபிள் கிழிந்த டிரம்கள் பதினாறு.

தொழிற்சாலைகள் கழித்துப்போடுவதையெல்லாம் மரத்தூளோடு கலந்து சிமென்ட் ஆலைக்கு எரிக்க அனுப்புகிறோம். எது எதோடு சேரலாம், எது சேர்ந்தால் ஆபத்து என்று சொல்வது என் வேலை. வடக்குப்பட்டுப் பக்கம் ஒரே ஷெட், ஒரே டெம்போ இருந்த காலத்திலிருந்து இதே வேலை. மூடியைத் திறப்பேன், கையால் விசிறி ஒரு இழுப்பு இழுப்பேன், சொல்லிவிடுவேன். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. முதலாளி சார் அப்போது பழைய ஆயில் வாங்கி விற்றவர். இப்போது நான்கு ஷெட், ஐந்தாவது வருகிறது. இன்றும் வருகிறவர்களிடம் அதே பேச்சு: “லேப்பு இன்னாத்துக்கு சார்? எங்க அந்தோணி மூக்கு கீது.”

லேப்பும் இருக்கிறது, ஏசியோடு. மெஷினின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. ரிசல்ட் வரும்வரை லாரியை நிறுத்தினால் சாருக்குத் தாங்காது.

இங்கே மட்டும் எழுதுகிறேன். என் மூக்கு செத்து ஒன்றரை வருடம் ஆகிறது. முதலில் மல்லிகைப்பூ போனது, பிறகு மீன், பிறகு தின்னரே போனது. வீட்டில் மனைவி ஸ்டெல்லாவுக்கு மட்டும் தெரியும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

சாப்பாட்டு அறையில் எல்லோரும் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்கள். நான் மட்டும் உட்கார்ந்து எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். பாதியில் சார் எட்டிப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார், போய்விட்டார். பிறகுதான் சொன்னார்கள், லாக்கர் பின்னால் எலி செத்து மூன்று நாளாம். சீ! என் முதுகுக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி. வாந்திகூட வரவில்லை.

ஸ்டெல்லா: “உன் மேல இன்னா நாத்தம்னு உனக்கே தெரில. சொல்லித் தொலையேன் அவங்க கிட்ட.”

சொன்னால்? ஐ.டி.ஐ.யில் பாதியில் நின்றவன் நான். மூக்கு இல்லாவிட்டால் எனக்கு அங்கே என்ன வேலை? பெண்ணுக்குப் பத்தாவது.

எப்படிச் சமாளிக்கிறேன் என்றும் எழுதிவிடுகிறேன். நிறம். டிரைவரிடம் எங்கே ஏற்றினாய் என்று விசாரிப்பது. அது போதாதபோது முனியம்மா அக்கா. ஊர் பிள்ளைப்பாக்கம், பத்து வருடமாகக் குழிப் பக்கம் வேலை. மூடியைத் திறக்கும்போது அக்காவைப் பக்கத்தில் நிற்கச் சொல்வேன். வறட்டு இருமல் இருமினால் ஆசிட். கண்ணைத் துடைத்துக்கொண்டு இருமினால் அமோனியா மாதிரி ஏதோ. “தூசிக்கா, தள்ளி நில்லு” என்று சொல்லிவிட்டு டிரம்மை ஒதுக்கிவிடுவேன். நான் இரக்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 12, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஐந்தாவது ஷெட் திறப்பு. வாழைமரம், பந்தல், மேளம். புது கார் பார்ட்ஸ் கம்பெனியிலிருந்து நான்கு பேர், வெள்ளை ஹெல்மெட். முனியம்மா அக்காவை ஆரத்தி எடுக்கப் பந்தலுக்கு அனுப்பிவிட்டார்கள். குழியில் செல்வி மட்டும். சேர்ந்து ஆறு வாரம் ஆன பெண்.

சார் கூப்பிட்டார்: “அந்தோணி, இந்த டிரம் இன்னான்னு சார்ங்களுக்கு சொல்லு.”

திறந்தேன். விசிறினேன். இழுத்தேன். ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. பழக்கத்தில் திரும்பி அக்காவைத் தேடினேன். அக்கா பந்தலில். எல்லோரும் என் மூக்கையே பார்க்கிறார்கள். நிறம், மெஷின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் மாதிரி இருந்தது.

“கூலன்ட் தண்ணி சார். ஒண்ணுமில்ல.”

செல்வி மெதுவாகக் கேட்டாள்: “அண்ணா, நெடி அடிக்குதே?”

“ஒண்ணுமில்லம்மா.”

சார் சிரித்தார். “அந்தோணியே சொல்லிட்டான். ஊத்தும்மா.”

ஊற்றினாள். ஆசிட். குழியில் கந்தகச் சேறு. கொதித்தது. வெள்ளை ஹெல்மெட்கள் ஓடின. அழுகின முட்டை நாற்றம் என்று பிறகு சொன்னார்கள். எனக்குக் கண் எரிந்தது, அவ்வளவுதான். செல்வி குழி ஓரத்தில் விழுந்தாள். நான் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு மரம்போல நின்றேன். பந்தலிலிருந்து ஓடி வந்து அவளை இழுத்துப் போட்டது முனியம்மா அக்கா. இருமிக்கொண்டே இழுத்தாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

செல்வி ஆஸ்பத்திரியில். உயிருக்குப் பயமில்லையாம்.

ரிப்போர்ட்டில் ‘வெயிலில் மயக்கம்’ என்று போட்டிருக்கிறது. பிப்ரவரியில், காலை ஒன்பதரைக்கு. சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் நீட்டினார்கள். போட்டேன். த்தூ. சாப்பிடாமல் படுத்தேன்.

வாழைமரம் இன்னும் கட்டியபடியே நிற்கிறது.

பிப்ரவரி 14, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ். ஆக்சிஜனை எடுத்துவிட்டார்கள். குரல் கம்மிப்போயிருந்தது. திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். திட்டியிருக்கலாம்.

“உங்க மேல ஒண்ணும் தப்பில்லண்ணா. எனக்கு நாறிச்சு. ஆனா நீங்க எவ்ளோ வருசம் இதுல கீறீங்க? என் மூக்குதான் சரியில்லன்னு நெனச்சுக்கினு ஊத்திட்டேன்.”

வராந்தாவில் நின்று அழுதேன். வெளியே அவள் புருஷன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். என்ன ஜென்மம் நான்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சர்ச்சில் பூசை. சாம்பிராணிப் புகை கண்ணுக்குத் தெரிந்தது. நன்மை அப்பம் வாங்க எழவில்லை.

சைக்கிள் பஞ்சர்.

பிப்ரவரி 16, திங்கள்

செல்விக்கு நாளை மறுநாள் டிஸ்சார்ஜ்.

சார் ரூமுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். “சார், எனக்கு மூக்கு போயிடுச்சு. வாசனையே தெரில.”

தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “தெரியும்.”

“எப்பத்திலேருந்து சார்?”

“ரொம்ப நாளா ஒரு டவுட்டு. செவ்வாக்கெழம எலி பக்கத்துல குந்திக்கினு துன்ன பாரு, அப்பவே கன்ஃபார்ம் ஆயிட்சு.”

செவ்வாய். செல்வி விழுந்தது வியாழன். இரண்டு நாளாகத் தெரிந்த மனுஷன்தான் “அந்தோணியே சொல்லிட்டான்” என்று சிரித்திருக்கிறார்.

“அப்ப ஏன் சார் என்னக் கூப்ட்டீங்க?”

“நீ மோந்து பாத்தா பார்ட்டி நம்புறான். அது போதும். உனக்கு இன்னா, சம்பளம் வருதுல்ல? நாளைக்கு அவங்க திரும்ப வராங்க. நீட்டா ஷேவ் பண்ணிக்கினு வா.”

எலிக்கு வராத வாந்தி அங்கே வந்தது. அவர் ரூம் டாய்லெட்டிலேயே எடுத்தேன். அவரைப் பார்த்து மட்டும் வந்த வாந்தி இல்லை அது.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஷேவ் செய்யவில்லை.

காலை மீட்டிங். குழிக்காரர்கள் ஒன்பது பேர், பின்னால் வெள்ளை ஹெல்மெட்கள், சார். பாதுகாப்பு உறுதிமொழி முடிந்ததும் நான் முன்னால் போனேன்.

“ஒன்றர வருசமா எனக்கு வாசனையே தெரியாது. ஒண்ணுமில்லன்னு நான் சொன்னதெல்லாம் பொய். செல்வி வெயில்ல விழல, என் பேச்சக் கேட்டு விழுந்துச்சு. இனிமே உங்களுக்கு நாறிச்சுன்னா யாரு சொன்னாலும் ஊத்தாதீங்க.”

“டேய், அந்தோணி!” சார் குரல். அதோடு வேலை போனது என்று தெரிந்தது. பயமாக இல்லை. ஹெல்மெட்களில் ஒருவர் மட்டும் செல்வி யார் என்று சாரைக் கேட்டார்.

முனியம்மா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் எதிரே வந்து நின்றாள்.

“அப்ப இத்தினி நாளா எத வெச்சு தம்பி சொன்ன? இது ஆசிட்டு, இது அமோனியான்னு கரெக்டா சொல்லுவியே?”

இதைச் சொல்லாமலே போய்விடலாம் என்று இருந்தேன்.

“உன்ன வெச்சுதான்க்கா. நீ இருமறத வெச்சு.”

அக்காவுக்கு அப்போதும் இருமல் வந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே அடக்கினாள்.