கஜபதி சொன்ன மீதி ஆட்டம்

திருத்தணி,
9-9-1946

சிநேகிதன் துளசிங்கத்துக்கு,

கஜபதி எழுதுவது. இங்கே பாஞ்சாலியும் பிள்ளைகளும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை நான் விசாரிக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் ஊரே கேட்டது.

மலையடிவாரத்தில் வரதராஜன் காபி ஹோட்டல் வைத்திருக்கிறார். புதிதாக ஒரு பேட்டரி ரேடியோ வாங்கியிருக்கிறார். பட்டணத்தில் நம் காலேஜ் புட்பால் பைனல் ஆடுகிறது, அதை ரேடியோவில் நீதான் சொல்லப்போகிறாய் என்று தெரிந்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன்.

முதலில் நம் காலேஜ் கோச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டால் கோச் ஆகிவிட முடியுமா? கிருஷ்ணன் இடது காலால் அடிக்கிறவன். அவனைக் கொண்டுபோய் வலது ஓரத்தில் நிறுத்தினால் அவன் என்ன செய்வான்? நீயும் அதைக் கண்டிக்கவில்லை. "பந்து பறவை போல் பறக்கிறது" என்கிறாய். பறந்து யாரிடம் போகிறது என்று சொல்ல வேண்டாமா? கேட்கிறவனுக்குக் கண் நீதானே?

இதையெல்லாம் ஹோட்டலில் வாய்விட்டுச் சொன்னேன். இவனைவிட நான் நன்றாகச் சொல்வேன் என்றும் சொன்னேன். ஜட்கா ஓட்டும் எல்லப்பன் திரும்பிப் பார்த்து முறைத்தான்.

பாதி ஆட்டம் முடிந்து, ஆளுக்கு ஒரு கோல் என்று இருக்கும்போது பேட்டரி தீர்ந்துவிட்டது. வரதராஜன் தட்டிப் பார்த்தார், திருகிப் பார்த்தார். உன் குரல் திரும்ப வரவில்லை.

எல்லப்பன் விடுவானா? "இன்னா கஜபதி, அவனவிட நல்லா சொல்வேன்னு பேசிகினு இருந்தியே. எங்க, மீதிய சொல்லு பாக்கலாம்" என்றான்.

சொன்னேன். பெஞ்சின் மேல் ஏறி நின்று சொன்னேன். கோச் தன் தப்பை உணர்ந்து கிருஷ்ணனை இடது பக்கம் மாற்றினார் என்றேன். கிருஷ்ணன் இரண்டு பேரை ஏமாற்றினான், மூன்றாவது ஆளையும் தாண்டினான். கடைசி நிமிஷத்தில் கோல்! கைதட்டல் கோயில் படி வரைக்கும் கேட்டிருக்கும். வரதராஜன் எல்லோருக்கும் காபி கொடுத்தார். அப்பா காலமான வருஷத்தில் படிப்பை விட்டு ஊருக்கு வந்தேனே, அதற்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மறுநாள் காலை ரயிலில் பேப்பர் வந்தது. மூன்றுக்கு ஒன்று என்று நாம் தோற்றிருக்கிறோம்.

எல்லப்பன் பேப்பரோடு வீட்டுக்கே வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவனோ சிரித்தான். "போனா போவுதுபா. நீ சொன்ன ஆட்டந்தான் நல்லா இருந்துச்சு" என்றான். உள்ளே இருந்த பாஞ்சாலியும் சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நான் என் ஆசையைச் சொன்னேன். நீயோ, நம் காலேஜ் அடுத்தடுத்து இரண்டு கோல் வாங்கியதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கடைசி விசில்வரை சொல்லியிருக்கிறாய். என்னால் அது முடிந்திருக்குமா? தெரியவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஆட்டத்தைச் சொல்ல ஆள் எடுக்க ரேடியோக்காரர்கள் குரல் பார்க்கிறார்கள், இருவரும் போகலாம் வா என்று ஜூன் மாதம் எழுதியிருந்தாய். கரும்புக்குத் தண்ணீர் கட்ட ஆளில்லை என்று பதில் போட்டேன். ஆள் இருந்தது, துளசிங்கம். உன்னை எடுத்துக்கொண்டு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டால் எந்த முகத்தோடு ஊருக்கு ரயில் ஏறுவேன் என்று பயந்தேன். பிறகு உன் குரலைக் கேட்கும்போதெல்லாம் என் இடத்தை நீ பிடுங்கிக்கொண்டாய் என்றே வைதேன். பாஞ்சாலியிடம்கூட அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த ஆட்டம் என்றைக்கு என்று எழுது. நான் வருகிறேன். எனக்காக யாரிடமும் சிபாரிசு செய்யாதே. நீ மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் நான் உனக்குச் சிநேகிதனாக இருக்கிறேனா என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

தணிகை முருகன் உன்னை மேலும் மேலும் உயர்த்தட்டும். இதை எழுதக் கை கொஞ்சம் தயங்கியது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
கஜபதி